பெரியவனும் சின்னவனும் நனைந்த கதை

கோடம்பாக்கத்தில் புகழேந்தி என்று ஒருவர் இருக்கிறார். அவர் செய்யும் வேலையைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சத்தம் சேர்ப்பது!

சிரிக்காதீர்கள். சினிமாவில் கதாநாயகி நனைகிறாளே, அது பாதி நேரம் குழாய்த் தண்ணீர். வில்லன் கோபமாகச் சாத்துகிறானே, அது அட்டைக் கதவு. நமக்குக் கேட்கிற மழையும் 'டமால்' சத்தமும் வேறு எங்கோ தனியாகப் பதிவு செய்யப்பட்டு, பிறகு படத்தோடு ஒட்டப்பட்டவை. அப்படி ஒட்டுவதற்கான சத்தங்களைத்தான் புகழேந்தி மைக்கும் கையுமாக ஊரெல்லாம் அலைந்து பிடித்துக்கொண்டு வருவார்.

தகரக் கூரையில் விழும் மழை, மயிலாப்பூர்த் தேர் திரும்பும்போது சக்கரம் முனகுவது, தீபாவளி நேரத்துத் தி.நகர் கடைத்தெரு, சாந்தோம் கரையில் படகைத் தள்ளும்போது மணல் அரைபடுவது, பழைய தியேட்டர் ஒன்றின் பெரிய கதவு கிறீச்சிடுவது, தறி ஓடுவது என்று அவரிடம் இல்லாத சத்தமே கிடையாது. கொட்டாவியிலேயே பல தினுசு வைத்திருந்தார். தூக்கக் கொட்டாவி வேறு, பள்ளிக்கூடக் கொட்டாவி வேறு என்பார்.

அவருக்கு ஒரே மகள், நிலா. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அப்பாவை அவள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். விடுமுறை நாளில் நைனா எங்கே மைக்கைத் தூக்கிக்கொண்டு போனாலும் ஹெட்போனைச் சுமந்துகொண்டு பின்னாலேயே போவாள்.

நைனாவின் லேப்டாப் பழையது, அதில் இடம் போதாது. அதனால் சத்தங்கள் எல்லாம் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. அதற்கு நிலா 'பெரியவன்' என்று பெயர் வைத்திருந்தாள். அதே சத்தங்களின் நகல் இன்னொரு சிறிய டிஸ்கில் இருந்தது. அவன் 'சின்னவன்'. பெரியவன் வீட்டு அலமாரியில் இருப்பான். சின்னவன் இரண்டு தெரு தள்ளி, கமர் ஜஹான் ஆன்ட்டி வீட்டு பீரோவில் இருப்பான். ஆன்ட்டி படங்களுக்கு டப்பிங் பேசுகிறவர், நைனாவுக்கு ரொம்ப நாள் சிநேகம்.

"பெரியவனுக்கு இன்னா ஆனாலும் சின்னவன் கீறான். நமக்கு இன்னா கவலை?" என்பார் நைனா.

நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கஞ்சர். யாராவது எடிட்டர் படத்துக்குச் சத்தம் கேட்டால் அனுப்புவார். படம் முடிந்ததும் அவர் ஸ்டூடியோவுக்கே போய் நிற்பார்.

"வேல முடிஞ்சுதுல்ல? அழி. என் கண்ணு முன்னாடி அழி."

ஒருமுறை அவருடைய மழை, அவரைக் கேட்காமலே ஏதோ ஒரு குடை விளம்பரத்தில் பெய்துவிட்டது. நைனா அந்த ஸ்டூடியோவில் போய்ப் போட்ட சத்தத்தைத்தான் யாரும் பதிவு செய்யவில்லை. அன்றிலிருந்து கோடம்பாக்கத்தில் எல்லோருக்கும் அவர்மேல் மரியாதையும் உண்டு, பயமும் உண்டு.

ஆயுதபூஜை வந்தது. ஆயுதபூஜை வந்தால் கோடம்பாக்கத்தில் கேமராவிலிருந்து மேக்கப் பெட்டி வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்தான். நிலா வீட்டிலும் கூடத்தில் ஒரு பலகை போட்டு, சிவப்புத் துணி விரித்து, மைக், ரெக்கார்டர், ஹெட்போன், லேப்டாப், பெரியவன், அவளுடைய பாடப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கினார்கள்.

நிலாவுக்கு மனசு கேட்கவில்லை.

"நைனா, சின்னவனுக்கு மட்டும் பொட்டு கிடையாதா?"

"அவன் அங்கியே இருக்கட்டும்டா."

"வருஷம் பூரா நமக்காக வேல செய்றான். பூஜை அன்னைக்கு மட்டும் தனியா பீரோக்குள்ள கெடக்கணுமா? பாவம் நைனா அவன்!"

நைனா சிரித்தார். மகள் 'பாவம்' என்று சொல்லிவிட்டால் அவருக்கு மறுத்துப் பேச வராது. போய் சின்னவனை வாங்கிக்கொண்டு வந்தார். நிலா அவனைப் பெரியவன் பக்கத்திலேயே உட்கார வைத்து, தாராளமாகச் சந்தனம் பூசினாள். வயர் சொருகும் ஓட்டையில்கூடக் கொஞ்சம் போய்விட்டது.

கலசத்துக்கு அம்மா ஒரு சின்னச் சொம்பைத்தான் எடுத்து வைத்தாள். "குடமா வெச்சா கெத்தா இருக்கும்மா" என்று சொல்லி, பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து, மாவிலை செருகி, தேங்காயும் வைத்தது நிலாதான்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் அம்மா கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்கலாம். எடுத்தவுடன் புத்தகத்தில் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். நிலாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு ஒரு பக்கம் படித்தால் போதும், வருஷமெல்லாம் படித்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடும்.

மறுநாள் விடிந்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நைனா தெருமுனைக்குப் பால் வாங்கப் போயிருந்தார். அம்மா வருவதற்குள் எந்தப் பாடம் என்று பார்த்து வைத்துவிடலாம் என்று நினைத்தாள் நிலா. அடியில் இருந்த அறிவியல் புத்தகத்தைப் பிடித்து இழுத்தாள். புத்தகத்தோடு துணியும் வந்தது. துணியோடு குடமும் வந்தது.

ஐயோ! ஒரு குடம் தண்ணீர். ஒரு சொட்டு வீணாகவில்லை. பெரியவன் மேலும் சின்னவன் மேலும்தான் அத்தனையும் கொட்டியது.

நைனா வாசலில் பால் பாக்கெட்டோடு நின்றார். அதைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். துண்டால் இரண்டு டிஸ்கையும் துடைத்தார், உதறினார். ஓரமாக இருந்த லேப்டாப் நனையவில்லை. அதைத் திறந்து, "ஒண்ணும் ஆயிருக்காது, ஒண்ணும் ஆயிருக்காது" என்று சொல்லிக்கொண்டே பெரியவனைச் சொருகினார்.

விளக்கு ஒருமுறை மினுக்கியது. உள்ளே 'டிக், டிக்' என்றது. பிறகு அணைந்துவிட்டது.

"சின்னவன் கீறான், சின்னவன் கீறான்..." நைனா பெரியவனைப் பிடுங்கினார். சின்னவனைச் சொருகினார். அவன் 'கர்ர்' என்று ஒரு சத்தம் போட்டான். அவ்வளவுதான். மூக்கில் லேசாகக் கருகல் நெடி அடித்தது.

"நைனா... நான்தான் நைனா... புக்க இழுத்தேன்..."

நைனா அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. "பரவால்லடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

நிலாவுக்கு அது தாங்க முடியவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இது என்ன, இப்படி ஒரு 'பரவால்ல'!

தெருவில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அரிசியில் போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்றார்கள். நிலா இரண்டு டிஸ்கையும் அரிசி டிரம்மில் புதைத்து வைத்தாள். அன்றைக்குச் சோற்றில் சந்தன வாசனை வந்ததுதான் மிச்சம்.

மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனார்கள். அங்கே கெட்டுப்போன டிஸ்கிலிருந்து தகவலை மீட்டுத் தரும் காஷிஃப் என்பவரின் கடை இருந்தது. அவர் கண்ணாடி அறைக்குள் போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"அண்ணே, தண்ணி பட்டதுகூடப் பெருசு இல்ல. அப்படியே கொண்டாந்திருந்தா பொழைக்க வெச்சிருக்கலாம். ஈரத்தோட சொருகுனீங்களா?"

நைனா தலையாட்டினார்.

"ரெண்டையுமா?"

அதற்கும் தலையாட்டினார்.

காஷிஃப் பெருமூச்சு விட்டார். "உள்ள தட்டு சுத்தும்போதே கோடு விழுந்துடுச்சுண்ணே. ரெண்டுலயும். என்னால ஆகாது. யாராலயும் ஆகாதுன்னுதான் தோணுது. ரெண்டு காப்பி வெச்சிருந்தீங்க, கரெக்ட்டு. ஆனா ரெண்டும் ஒரே எடத்துல இருந்துச்சுன்னா, ஒரு ஆபத்து வந்தா ரெண்டும் சேந்துதானே போவும்?"

"வேற எடத்துலதான் இருந்துச்சு, நான்தான்..." என்று ஆரம்பித்த நிலா முடிக்கவில்லை. பொட்டு வைக்கலாம் என்று கூட்டி வந்தது அவள். குடம் வைத்தது அவள். புத்தகத்தை இழுத்ததும் அவள். ஒன்றா இரண்டா!

பஸ்ஸில் திரும்பும்போது நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வழக்கமாக அவர் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு, "நிலா, அந்த பிரேக் சத்தம் கேட்டியா? சூப்பரா கீதுல்ல?" என்பார். அன்றைக்கு அந்த பஸ்ஸில் பிரேக் எத்தனையோ முறை கத்தியது.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து, புதிதாக ஒத்துக்கொண்ட படத்தின் ஆபீசுக்குப் பேசினார். "வேற ஆளப் பாத்துக்கங்க சார். என்கிட்ட ஒண்ணும் இல்ல."

அம்மா பதறிவிட்டாள். "இன்னாங்க இது? மறுபடி ரெக்கார்டு பண்ணிக்கலாம்ல?"

"எத்தன வருஷம் புடிச்சதுன்னு உனக்குத் தெரியும்ல? அந்தத் தியேட்டர் இடிச்சிட்டாங்க. அந்தத் தறி இப்போ ஓடல. எந்தக் கதவப் போயி மறுபடி தட்டறது? எனக்கு இந்த வேலையே வேணாம். கங்காதரன் தண்ணி கேன் வண்டிக்கு ஆள் கேட்டுக்கினு இருந்தான். நாளையிலேருந்து போறேன்."

கங்காதரன் அம்மாவின் தம்பி. கேன் தண்ணீர் போடுவது ஒன்றும் குறைவான வேலை இல்லை. ஆனால் நைனா காலையில் போய், மாலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவார். மைக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். போனைக்கூட வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனார். யாராவது கூப்பிட்டுச் சத்தம் கேட்டால் என்ன பதில் சொல்வது?

அம்மா தி.நகரில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். தீபாவளி சமயம் என்பதால் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆகவே வீட்டில் நிலாவும் அந்தப் பூட்டிய பெட்டியும்தான்.

கமர் ஜஹான் ஆன்ட்டி பிரியாணிப் பாத்திரத்தோடு வந்து பார்த்தார். "எங்க வூட்லயே இருந்திருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும். ஹும், அழாதடி கண்ணு" என்று சொல்லிவிட்டு அவரே அழுதார். டப்பிங் பேசுகிறவர் இல்லையா, அழுகையும் நன்றாகவே இருந்தது. நிலாவுக்கு இன்னும் அதிகமாக அழுகை வந்தது.

"ஆன்ட்டி, நைனா சத்தம் எல்லாம் சினிமாவுல கீதுல்ல? அதுலேருந்து எடுத்துக்க முடியாதா?"

"அதுல பாட்டு, வசனம் எல்லாம் கலந்துடுச்சே. காப்பியில போட்ட சக்கரய திருப்பி எடுக்க முடியுமா?"

நிலா யோசித்தாள். கலந்தது சரி. கலப்பதற்கு முன்னால்? நைனா எத்தனை பேருக்கு எத்தனை சத்தம் அனுப்பியிருக்கிறார்! நைனாவிடம் கேட்டால் 'வேண்டாம்' என்பார். அவர் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அதனால் நிலா தானே அவருடைய போனை எடுத்தாள். எடிட்டர்கள், சவுண்ட் இன்ஜினியர்கள் என்று பெயர் இருந்த எல்லோருக்கும் ஒரே குரல் செய்தியை அனுப்பினாள்.

"வணக்கம் அங்கிள், வணக்கம் ஆன்ட்டி. நான் புகழேந்தி பொண்ணு நிலா பேசறேன். எங்க நைனாவோட சத்தம் எல்லாம் போயிடுச்சு. தப்பு நைனா மேல இல்ல, நான்தான் தண்ணிய கொட்டிட்டேன். உங்ககிட்ட நைனாவோட சத்தம் ஏதாச்சும் இருந்தா திருப்பி அனுப்புவீங்களா? ப்ளீஸ்."

பதில்கள் வந்தன. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அடடா, அழிச்சிட்டேனேம்மா" என்றார் ஒருவர். "எங்ககிட்ட எப்படி இருக்கும் பாப்பா?" என்றார் இன்னொருவர். அப்துல் கய்யூம் என்று வயதான எடிட்டர் ஒருவர் உண்டு. அவர் குரலே கம்மியது. "உங்கப்பா பக்கத்துல நின்னுக்கினு அழிக்க வெச்சாரு கண்ணு. மனசுக்குக் கஷ்டமா கீது."

எல்லோரும் ஒன்றுபோலவே சொன்னார்கள். அழித்துவிட்டோம், அழித்துவிட்டோம், அழித்துவிட்டோம். நிலா மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். இனி செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. நைனா கடைசிவரை கேன் தூக்குவார், அந்தப் பெட்டி கடைசிவரை பூட்டியே இருக்கும், எல்லாம் தன்னால்தான் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தபோது போனில் கடைசியாக ஒரு பதில் வந்திருந்தது. சாலிகிராமத்தில் எடிட்டிங் செய்யும் ஹரி என்பவர் அனுப்பியது.

"நிலாம்மா, சாரிம்மா. அண்ணன் சொன்னாருன்னு நான் அப்பவே அழிச்சிட்டேன். ஒண்ணுகூட இல்ல."

நிலா சலிப்போடு போனைக் கீழே வைக்கப் போனாள். வைக்கவில்லை. மறுபடி போட்டாள். காதோடு சேர்த்து வைத்து மூன்றாம் முறையும் போட்டாள்.

ஹரியின் குரலுக்குப் பின்னால், தூரத்தில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஓர் ஆட்டோ கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. 'குஹ்... குஹ்... குர்ர்...' பிறகு ஒரு 'அச்'.

அந்த 'அச்' யாருடையது தெரியுமா? நிலாவுடையது!

போன வருஷம் மயிலாப்பூர் குளத்தங்கரையில் அந்த ஆட்டோவை நைனா பதிவு செய்தபோது, அது கிளம்பும் நேரம் பார்த்து நிலாவுக்குத் தும்மல் வந்துவிட்டது. நைனா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு லேப்டாப்பில் எவ்வளவோ வெட்டிப் பார்த்தும் தும்மலில் பாதி ஒட்டிக்கொண்டே இருந்தது. ஊரில் ஆயிரம் ஆட்டோ இருமலாம். நிலாவின் பாதித் தும்மலோடு இருமும் ஆட்டோ ஒன்றே ஒன்றுதான்.

அவள் உடனே ஹரியைக் கூப்பிட்டாள்.

"ஹரி அண்ணா, உங்க பின்னாடி நான் தும்முறேன்."

"இன்னாது?"

"நீங்க அனுப்பின மெசேஜ்ல நான் தும்முறேன். மயிலாப்பூர் ஆட்டோல. அது நைனாவோடது."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"ஐயையோ" என்றார் ஹரி. "நிலாம்மா, உனக்குப் புண்ணியமா போவும், அண்ணன்கிட்ட சொல்லிடாத. அவரு கண்ணு முன்னாடி அழிச்சேன், சத்தியமா. ஆனா வேற டிரைவ்ல ஒரு காப்பி இருந்துச்சு. அவ்வளவு நல்ல சத்தம்மா, மனசு வரல. எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு எடுத்துப்பேன். தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாரு."

"உங்ககிட்ட மட்டும்தான் இருக்கா அண்ணா?"

ஹரி குரலைத் தாழ்த்தினார். "இன்னா நீ, விவரம் தெரியாத புள்ளையா இருக்க. யாரு அழிச்சா? பாதிப் பேரு வெச்சிக்கினுதான் கீறாங்க. உங்கப்பாவுக்கு பயந்து வாயத் தொறக்க மாட்டாங்க."

நிலாவுக்கு இப்போது புரிந்தது. அவளுக்கு வந்த பதில்களில் பாதி பயத்தில் சொன்ன பதில். அந்தப் பயத்தை அவளால் போக்க முடியாது. அது ஒரே ஒருவரால்தான் முடியும்.

நைனா மாலையில் வந்தார். சட்டை முழுக்க ஈரம். வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் போனவர் முன்னால் நிலா போய் நின்றாள்.

"நைனா, ஹரி அண்ணாகிட்ட உங்க ஆட்டோ கீது."

"இன்னா?"

"இன்னும் நெறைய பேருகிட்ட நெறைய கீதாம்."

நைனா விருட்டென்று எழுந்தார். "அந்த ஹரிப் பயலா! என் கண்ணு முன்னாடி அழிச்சானே! திருட்டுப் பய! இரு, இப்பவே போறேன்!"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் நைனாவின் குரல் முழுசாகக் கேட்டது. நிலாவுக்கு பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் அவர் செருப்பைத் தேடுவதைப் பார்த்ததும் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டாள்.

"நைனா! அவரு நீங்க சொன்ன மாதிரியே அழிச்சிருந்தா?"

நைனா ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"எல்லாரும் அழிச்சிருந்தா இப்போ ஒண்ணுமே இருந்திருக்காது நைனா. அவங்க ஏமாத்துனதாலதான் இருக்கு. இப்போ போயி நீங்க சண்ட போட்டா பயத்துல நெஜமாவே அழிச்சிடுவாங்க."

நைனா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை ஈரச் சட்டையில் துடைத்தார். நடந்ததையெல்லாம் நிலா சொன்னாள். அவள் எல்லோருக்கும் அனுப்பிய செய்தியை நைனா போட்டுக் காட்டச் சொன்னார். 'தப்பு நைனா மேல இல்ல, நான்தான்' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, மறுபடி அதையே கேட்டார்.

பிறகு போனை வாயருகே வைத்துக்கொண்டார். ஆயிரம் சத்தம் பிடித்தவருக்குத் தன் குரலைப் பதிவு செய்ய வரவில்லை. இரண்டு முறை ஆரம்பித்து அழித்தார். மூன்றாவது முறை பேசினார்.

"நான் புகழேந்தி பேசறேன். தண்ணிய கொட்டுனது என் பொண்ணு. சின்னப் புள்ள, தெரியாம கொட்டுச்சு. ஈரத்தோட சொருகுனது நான். உங்க எல்லாரையும் அழிக்க வெச்சதும் நான்தான். அவ மேல தப்பு இல்ல. யாராச்சும் அழிக்காம வெச்சிருந்தீங்கன்னா..." கொஞ்சம் நிறுத்தினார். "ரொம்ப நன்றி. கொஞ்சம் அனுப்புங்க. யாரையும் திட்ட மாட்டேன். எம்பொண்ணு மேல ஆணை."

பக்கத்தில் நிலா விம்மினாள்.

"அழாதடா, அதுவும் ரெக்கார்டு ஆவுது" என்றார் நைனா. ஆனால் அவர் குரலும்தான் உடைந்திருந்தது. அந்த விம்மலோடு சேர்த்தே செய்தியை அனுப்பினார்.

சிறிது நேரம் போன் சும்மா கிடந்தது. பிறகு 'டிங்' என்றது. மறுபடி 'டிங்'. அப்துல் கய்யூம் அனுப்பியிருந்தார்: "மன்னிச்சுக்க தம்பி. தேர் சக்கரம் என்கிட்ட கீது." குடை விளம்பரக்காரர்கள்கூட அந்த மழையைத் திருப்பி அனுப்பினார்கள்.

எல்லாம் வந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சாந்தோம் படகு வரவே இல்லை. இடித்துவிட்ட தியேட்டரின் பெரிய கதவும், ஓடாமல் நின்றுபோன தறியும் யாரிடமும் இல்லை. அவை போனது போனதுதான். அவற்றின் பெயரை நைனா மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். நிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாதிக்கும் குறைவாகத்தான் மீண்டது.

ஆனால் மறுநாள் காலையில் நைனா கேன் வண்டிக்குப் போகவில்லை. படத்தின் ஆபீசுக்குப் போன் செய்து, "வேற ஆள் போட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டார். இன்னும் போடவில்லையாம். பெட்டியைத் திறந்து மைக்கை வெளியே எடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஹரி! மார்போடு ஒரு பையை அணைத்துக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"வா ஹரி, உள்ள வா" என்றார் நைனா.

"இங்கியே நிக்கிறேண்ணா."

"வான்றேன்ல!"

ஹரி உள்ளே வந்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. பையிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்து நீட்டினார். "என்கிட்ட இருக்கற எல்லாம் இதுல காப்பி போட்டாந்துட்டேண்ணா."

நைனா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மீண்டதையெல்லாம் மறுபடி இரண்டு டிஸ்கில் போட்டு எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்றார் நைனா. ஒன்று தன் பீரோவில்தான் என்று, அங்கே வந்திருந்த கமர் ஜஹான் ஆன்ட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி எந்தப் பண்டிகைக்கும் வெளியே விடமாட்டாராம்.

"ரெண்டு பத்தாது நைனா" என்றாள் நிலா. "இந்தத் தெரு, பக்கத்துத் தெரு எல்லாம் சேந்து வெள்ளத்துல மூழ்கினா? நெட்டுலயும் ஏத்தி வெச்சிடலாம்."

"நெட்டுலயா? அது எவன் வூட்டு கம்ப்யூட்டரோ! நம்ம வூட்டு நெட்டு கீற வேகத்துக்கு ஒரு கொட்டாவி ஏர்றதுக்கே ஒரு வாரம் ஆவும்."

"ஆவட்டும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். நான் ஏத்துறேன்."

நைனா ஹரியைப் பார்த்தார். ஹரி ஹெல்மெட்டுக்குள் எச்சில் விழுங்கினார்.

"அப்போ... என்கிட்ட இருக்கறத நான் அழிச்சிடட்டுமாண்ணா? இப்பவே வேணும்னா, உங்க கண்ணு முன்னாடியே..."

"இன்னாது?" நைனாவின் குரல் உயர்ந்தது. "அழிப்பியா? தொட்டுப் பாரு. அதுலேருந்து ஒண்ணே ஒண்ணு கொறஞ்சுது, அப்பறம் கீது உனக்கு!"

அப்போதுதான் ஹரி ஹெல்மெட்டைக் கழற்றினார்.